விழுந்த கல்லை எறியாதீர்கள்

"பிள்ளை, எங்கடை கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு கூட. அதுதான் கல்லு."

சிறுநீர்ப் போத்தலை மேசையில் வைத்தபடி அந்த ஐயா சொன்னார். கோப்பாய்ப் பக்கம் தோட்டம் செய்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னரும் ஒரு சிறுநீரகக் கல் சிறுநீரோடு தானாக விழுந்ததாம். அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரை விட்டுப் போத்தல் தண்ணீர் வாங்குகிறார். கல்சியம் என்று யாரோ சொன்னதால் பாலையும் நிறுத்திவிட்டார். இப்போது மறுபடி விலாவில் குத்து. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ஸ்கானில்தான் கல் தெரிந்தது.

"முதல் விழுந்த கல்லை என்ன செய்தனீங்கள் ஐயா?"

"அதை ஏன் வைச்சிருப்பான்? தண்ணி ஊத்தி விட்டிட்டன்."

மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நான் இந்தப் பதிலைப் பலரிடம் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. அந்த ஒரு கல்லில்தான் அடுத்த கல்லைத் தடுக்கும் வழி இருந்தது.

சுண்ணாம்புக் கதையை முதலில் பார்ப்போம். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை கல்சியம் காபனேற்று. அதில் வினாகிரி விட்டால் நுரைத்துக் கரையும். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்று. அந்தப் பளிங்குகளுக்கு வினாகிரியில் உள்ள அதே அசற்றிக் அமிலத்தை விட்டால் நுரையும் வராது, கரையவும் கரையாது. கேத்தில் படை வேறு, இது வேறு. கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கைக் கடிக்குமே, அந்த ஊசிகள்தான் கல்சியம் ஒட்சலேற்று. கீரையிலும் தேயிலையிலும் ஒட்சலேற்று உண்டு, எங்கள் ஈரலும் அதைச் செய்கிறது. சாப்பாட்டோடு சேரும் கல்சியம் ஒட்சலேற்றைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பாலை நிறுத்தினால் ஒட்சலேற்று கூடுதலாக இரத்தத்தில் சேரும். ஐயா நல்லதென்று நினைத்துச் செய்தது பலருக்குக் கெடுதலாகவே முடியும். (கிணற்றில் நைத்திரேற்று கூடுவது வேறு பிரச்சினை. அதற்குத் தண்ணீரைத்தான் பரிசோதிக்க வேண்டும்.)

நுணுக்குக்காட்டியில் நான் அடிக்கடி காணும் பளிங்கு ஒன்று உண்டு. தபால் உறையின் பின்பக்கம் போல, சதுரத்துக்குள் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டும். இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த கல்சியம் ஒட்சலேற்று இது. இதே பொருளை அந்தாட்டிக்காவின் வெடல் கடலடிச் சேற்றிலும் கண்டார்கள். 1936இல் அதைப் பற்றிய அறிக்கை வந்தது, அந்தக் கடலின் பெயராலேயே வெடலைற் ஆனது. பனிக்கடலின் அடியிலும் கோப்பாய் மனிதரின் சிறுநீரிலும் ஒரே பளிங்கு! ஒரு நீர் மூலக்கூறு மட்டும் உள்ளது ஹியூவலைற். இவை போன்றவற்றைச் சேதனக் கனிமங்கள் என்பார்கள்.

உடலுக்குள் உருவானால் மட்டும் ஒரு பொருளைக் கனிமம் என்று ஏற்கமாட்டார்கள். இயற்கையில் தானாக விளைந்திருக்க வேண்டும். இரசாயனச் சேர்க்கையையும் பளிங்கின் உள்ளமைப்பையும் அளந்து காட்டி, சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் குழு ஒப்புக்கொண்டால்தான் பெயர் நிலைக்கும். யூரிக் அமிலத்தைப் பாருங்கள். 1776இல் ஷீலே என்ற வேதியியலாளர் மனிதரின் சிறுநீர்க் கற்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு குகையில் கிடைத்து, யூரிசைற் என்ற கனிமமாக அது அறிவிக்கப்பட்டது 1974இல்.

குகையில் கிடைத்ததை அடையாளம் காண்பதற்கான அதே செந்நிறக்கீழ்க் கதிர், எக்ஸ் கதிர் முறைகளால்தான் உங்கள் கல்லையும் அடையாளம் காண்கிறார்கள். ஹியூவலைற் கடினமானது, அதிர்வலையால் உடைப்பது சிரமம். வெடலைற் அதைவிட எளிதாக உடையும். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, ஆனால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் பெரும்பாலும் கரைத்துவிடலாம். ஸ்ரூவைற் கல் என்றால் கிருமித்தொற்று இருக்கிறது, கல்லை எடுத்தாலும் தொற்றை விட்டால் திரும்ப வரும். சிஸ்ரீன் கல் பரம்பரையில் வருவது, வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "கல்லு" என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

கல் இருக்கிறது என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் சிறுநீரைத் தேத்தண்ணி வடியால் வடித்துப் பாருங்கள் (அந்த வடியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்). மண் துகள் போல விழுந்தாலும் சரி. தண்ணீரில் அலசி, உலரவிட்டு, சின்னப் போத்தலில் போடுங்கள். ரேப் ஒட்ட வேண்டாம், பசை பரிசோதனையைக் குழப்பிவிடும். வைத்தியரிடம் கொடுத்து, ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீர் விஷயமும் உண்டு. வெயிலில் தோட்டத்தில் நிற்கிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் வியர்வையிலேயே தண்ணீரை இழக்கிறார்கள். கல் வந்தவருக்கு நாளைக்கு இரண்டரை லீற்றர் சிறுநீராவது போகுமளவு குடிக்கச் சொல்வார்கள். இருதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே அளவை வைத்துக்கொள்ள வேண்டும். கல்லைக் கரைக்கும், சீனியைக் குறைக்கும் என்று காமரங்காய்ச் சாறு குடிப்பதைத் தயவுசெய்து விடுங்கள். அதில் ஒட்சலேற்று அதிகம், இலங்கையிலேயே அதைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். நோவோடு காய்ச்சல் வந்தால், அல்லது சிறுநீர் நின்றால், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மூன்று கிழமை கழித்து ஐயா வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்தார். உள்ளே அரை நெல்மணி அளவில், செம்மஞ்சள் நிறத்தில், வழவழப்பாக ஒரு கல். எங்கள் இடத்தில் அந்தப் பரிசோதனை இல்லை, வெளியே அனுப்பினோம். முழுக்க யூரிக் அமிலம் என்று அறிக்கை வந்தது. கால் பெருவிரல் அடிக்கடி வீங்கி நோகும் என்பதை அப்போதுதான் வைத்தியரிடம் சொன்னாராம். அதுவும் யூரிக் அமிலத்தால் வரக்கூடியதுதான். மருந்து தொடங்கியாயிற்று.

போன கிழமை மறுபரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வந்தவர் சொன்னார்: "பிள்ளை, ரெண்டு வருசத்துக்குப் பிறகு பால்தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."