இன்குபேட்டர்: பெட்டியா, அடையா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குறைமாதத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் விசாரித்தால், "பிள்ளையைப் பெட்டியில வச்சிருக்காக" என்பார்கள். அந்தப் பெட்டிதான், அதாவது இன்குபேட்டர்தான், மூச்சுக் கொடுக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது கொடுப்பது சூடு. மூச்சுக்கு ஆக்சிஜன், மூக்கு வழியே விடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப், வென்டிலேட்டர் எல்லாம் தனி.

'இன்குபேட்டர்' என்பதன் வேர்ச்சொல் லத்தீன் 'இன்குபாரே'. மேலே படுத்துக் கிடத்தல் என்று பொருள். பாரிஸ் மகப்பேறு மருத்துவர் டார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைப் பார்த்துத்தான் குழந்தைக்கும் அப்படியொன்று செய்வித்தார். 1880 வாக்கில் அது புழக்கத்துக்கு வந்தது. நம் ஊர்க் கோழி அடைகிடக்கிறது. 'கிடத்தல்' இரண்டு மொழியிலும் அப்படியே இருப்பதால் 'அடைகாப்புப் பெட்டி'யே சரியான தமிழ். வெறும் 'பெட்டி' என்றால் சூடு என்ற பொருளே போய்விடுகிறது.

அந்தச் சூடுதான் மூச்சையும் காக்கிறது. 2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு, 1,500க்குக் கீழே மிகக் குறைவு. தோல் மெல்லிசு, கொழுப்பு சொற்பம். சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். உடல் 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால், சூடு உண்டாக்கவே கூடுதல் ஆக்சிஜன் செலவாகும். குறைமாத நுரையீரலிலோ காற்றுப்பைகள் ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் ஏற்கெனவே போதாது. நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, விலா உள்வாங்குதல், மூக்குச் சிறகு விரிதல், முனகல் எல்லாம் மூச்சுத் திணறலின் அடையாளங்கள்.

குழந்தையின் வயிற்றில் ஒட்டிய வெப்ப உணரி கழன்றால், கருவி வெளிக்காற்றை அளந்து 'குளிர்கிறது' என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். பெட்டி நன்றாகத்தான் ஓடும், குழந்தை கொதிக்கும்.

லத்தீன் வேருக்கு இன்னும் நெருக்கமானது தாயின் மார்பு, கங்காரு முறை. டயபர், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, தோலோடு தோலாக நிமிர்த்தி, தலையை ஒருபக்கம் திருப்பி, துவைத்துத் துவைத்து இளகிய கண்டாங்கியால் கட்டலாம். கழுத்து மடங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். முகம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். ஒரு நாளில் 8 மணி நேரமாவது வேண்டும், கூடக்கூட நல்லது.

வீட்டுக்கு வந்தபின் முற்றத்துக் காற்று படாத உள்ளறையில் வையுங்கள். சில்லென்ற ஆத்தங்குடி ஓட்டுத் தரையில் விரிப்புப் போட்டுக் கிடத்த வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதும், குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.