சொல் விளக்கம்: ஸ்டெல்த் – பதுங்கல்

மொரீசியசில் வீடியோ கேம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் இரண்டு சொற்கள் மாறி மாறி வருகின்றன. பிரெஞ்சு மெனுவைப் பார்த்து எழுதுகிறவர் ‘ஊடுருவல் விளையாட்டு’ என்கிறார். ஆங்கில மெனுவைப் பார்த்து எழுதுகிறவர் ‘திருட்டுத்தன விளையாட்டு’ என்கிறார். இருவர் சொல்வதும் எதிரியின் கண்ணில் படாமல் ஒளிந்து நகர்ந்து ஆடும் ஒரே வகையைத்தான்: ஆங்கிலத்தில் ஸ்டெல்த், பிரெஞ்சில் ஆன்ஃபில்த்ராசியோன். 2025 மார்ச்சில் நவோயே என்ற பெண் நாயகியாக வரும் அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் விளையாட்டு வந்ததிலிருந்து இந்தக் குழப்பம் இன்னும் முற்றிவிட்டது. ‘நவோயேவின் ஊடுருவல் அருமை’ என்று ஒருவரும் ‘நவோயேவின் திருட்டுத்தனம் அருமை’ என்று இன்னொருவரும் எழுதினால், படிப்பவர் என்ன நினைப்பார்? முதலாமவர் கோட்டைக்குள் நுழைந்ததைச் சொல்கிறார், இரண்டாமவர் அவளுடைய குணக்கேட்டைச் சொல்கிறார் என்றுதான் நினைப்பார். இரண்டும் ஒன்றே என்று யாருக்கும் தோன்றாது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஸ்டீல் என்ற ஆங்கில வினைக்குத் திருடு என்று பொருள். ஹீலுக்கு ஹெல்த் இணையாக நிற்பதுபோல ஸ்டீலுக்கு இணையாக நிற்பது ஸ்டெல்த். இடைக்கால ஆங்கிலத்தில் அது திருட்டையே குறித்தது. பின்னர் பிறர் அறியாமல் செய்வது என்ற பொருள் ஏறியது. திருட்டு என்ற பொருள் உதிர்ந்துபோனது. 1980களில் ரேடாருக்குத் தப்பும் போர் விமானத்துக்கு அடைமொழியானது. விளையாட்டில் 1981இன் காசில் வுல்ஃபென்ஸ்டைன், 1987இன் மெட்டல் கியர் ஆகியவை முன்னோடிகள். 1998இல் தென்ச்சு, மெட்டல் கியர் சாலிட், தீஃப் மூன்றும் ஒரே ஆண்டில் வந்தபோது அது தனி வகையாக நிலைபெற்றது. சொல்லின் வரலாறு இவ்வளவுதான்.

மொழிபெயர்க்கும் முன் பார்க்க வேண்டியது அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை. ஷேடோஸில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஜப்பானின் நடுப்பகுதியில் நடந்து திரியலாம். நவோயே இகா என்ற பகுதியைச் சேர்ந்த ஷினோபி, அதாவது மறைந்து செயல்படும் உளவு வீரர். குனிந்து நடக்கலாம், குப்புறப் படுத்து ஊர்ந்தும் போகலாம். உடம்பில் எவ்வளவு வெளிச்சம் படுகிறது என்பதைத் திரையில் ஒரு குறி காட்டும். விளக்கை அணைத்தால் இருள் உண்டாகும், அந்த இருளில் காவலன் அருகே வந்தாலும் தெரியமாட்டாள். குளத்துக்குள் மூழ்கி மூங்கில் குழாயால் மூச்சுவிட்டுக் கிடக்கலாம். ஆனால் பருவம் மாறும். கோடையில் மறைவு தந்த குளம் பனிக்காலத்தில் உறைந்துவிடும், அடர்ந்த புதரும் இலையுதிர்ந்து நிற்கும். கூரை ஓரத்தில் தொங்கும் பனிக்கட்டி உடைந்து விழுந்தால் அந்தச் சத்தத்துக்குக் காவலர் திரும்பிப் பார்ப்பார்கள். கொன்ற உடலை வெளிச்சத்தில் விட்டுவிட்டு நகர்ந்தால் அடுத்த காவலன் கண்டுபிடிப்பான். வேலைக்காரர் கண்ணில் பட்டாலும் அவர் ஓடிப்போய்ச் சொல்வார்.

இதில் உள்ளவை மூன்று. உடலைத் தாழ்த்திக்கொள்வது, கண்ணுக்கும் காதுக்கும் அகப்படாமல் இருப்பது, அடுத்த செயலுக்காகக் காத்திருப்பது. எந்தத் தமிழ்ச் சொல் வந்தாலும் இந்த மூன்றையும் தாங்க வேண்டும்.

ஊடுருவல் தாங்குகிறதா? ஊடு என்றால் இடை, நடு. உருவுதல் என்றால் துளைத்து அப்பால் போதல். அம்பு மார்பை ஊடுருவும். குளிர் எலும்பை ஊடுருவும். எக்ஸ்ரே கதிர் தசையை ஊடுருவும். இவற்றில் எதுவும் ஒளிந்து போகவில்லை. அம்பு பட்டவனுக்கு அது பட்டது நன்றாகவே தெரியும். தடையைக் கடந்து மறுபக்கம் சேர்வதுதான் ஊடுருவலின் முழுப் பொருள்.

ஷேடோஸே இதற்குச் சோதனை வைத்திருக்கிறது. இன்னொரு நாயகன் யாசுகே கவசம் பூண்ட சாமுராய். மூடிய கதவை மோதி உடைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க உள்ளே போவான். காவலை உடைத்து நடுவே புகுந்தானா? புகுந்தான். அப்படியானால் அது ஊடுருவல்தான், ஆனால் ஸ்டெல்த் துளிகூட இல்லை. அதே நேரம் நவோயே கோட்டைக்கு வெளியே ஒரு கூரைமேல் படுத்து, காவலர் எத்தனை பேர், எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதிலை இன்னும் தாண்டவில்லை. அது முழுக்க ஸ்டெல்த், ஆனால் ஊடுருவல் இல்லை. காரியம் முடிந்து யார் கண்ணிலும் படாமல் வெளியேறுவது இந்த வகை விளையாட்டில் பாதி உழைப்பு. அதை எப்படிச் சொல்வது? ‘வெளியே ஊடுருவினாள்’ என்றா?

ஊடுருவலுக்காக வாதிடுகிறவர்கள் செய்தித்தாளைக் காட்டுவார்கள்: எல்லையில் ஊடுருவல் என்றால் மறைந்து வருவதுதானே என்பார்கள். அதே செய்தித்தாளில் ‘ரகசியமாக ஊடுருவினர்’ என்றும் வரும். மறைவு அந்தச் சொல்லுக்குள் இருந்திருந்தால் ரகசியத்தை ஏன் தனியாக ஒட்ட வேண்டும்? டாங்கிகளோடு வந்த படையையும் ‘எல்லைக்குள் ஊடுருவியது’ என்றுதான் எழுதுகிறார்கள்.

இன்னொரு வாதம் நம் தீவுக்கே உரியது. இங்குள்ள பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுச் சொல் பழக்கம், ஊடுருவல் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள் என்பது. இதை என்னால் ஒப்பவே முடியாது. தமிழ்ச் சொல்லைப் பார்த்ததும் மனத்துக்குள் பிரெஞ்சுக்கு மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், அந்தத் தமிழ் எதற்கு? பிரெஞ்சுச் சொல்லுக்குள் இருப்பது வடிகட்டும் துணி. ஃபில்த்ரும் என்ற இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. துணி வழியே நீர் கசிவதுபோல ஆள் கசிந்து உள்ளே போவது அவர்கள் கண்ட உருவகம். அது அவர்களுக்குப் பொருந்தும். அதைத் தமிழில் அம்பாக மாற்றியது மொழிபெயர்த்தவர். நாம் அன்றாடம் பேசும் கிரியோலைப் பாருங்கள். யாருக்கும் தெரியாமல் ஒன்றைச் செய்தால் ‘ஆன் காசியெத்’ என்கிறோம். மறைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது, தெருவில் புழங்குவது. பொருளின் மையம் மறைவு என்று கிரியோல் பேசும் பாட்டிக்குத் தெரிகிறது. தமிழ் எழுதப் பேனா எடுத்தவுடன் அது மறந்துபோகிறது.

திருட்டுத்தனத்துக்கு வருவோம். இது பெரும்பாலும் இயந்திர மொழிபெயர்ப்பு தூக்கிப் போட்ட சொல், எடுத்து ஒட்டியவர் மறுமுறை படிக்கவில்லை. இதற்கும் ஒரு நியாயம் உண்டு: ‘திருட்டுத்தனமாகப் பார்த்தான்’ என்றால் தெரியாமல் பார்த்தான் என்றுதான் பொருள். ஆனால் அது ‘ஆக’ சேர்ந்த வினையடையில் மட்டும் வரும் பொருள். ‘ஆக’வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நேர்மைக்கேடு. ‘அவனிடம் திருட்டுத்தனம் இருக்கிறது’ என்றால் அவன் நன்றாக ஒளிவான் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? மேலும் இந்த விளையாட்டுகளில் உண்மையான திருட்டும் உண்டு. பெட்டியைத் திறந்து பொருளை எடுப்பது, சாவியை உருவுவது. 1998இன் தீஃப் விளையாட்டில் நோக்கம் திருட்டு, வழி ஸ்டெல்த். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அந்த விளையாட்டைப் பற்றி ஒரு வாக்கியம்கூடத் தமிழில் எழுத முடியாது. ஆங்கிலச் சொல் தன் திருட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உதறிவிட்டது. அதைத் தோண்டி எடுத்து நம் மொழிமேல் போடுவானேன்?

மறைநிலை என்றும் சிலர் எழுதுகிறார்கள். இணைய உலாவியில் தடம் பதியாத சாளரத்துக்கு அந்தச் சொல் வழக்கில் இருக்கிறது, அங்கே நன்றாகவே பொருந்துகிறது. விளையாட்டுக்கு ஆகாது. நிலை என்பது அசையாமல் இருப்பது. ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் மாயத்துக்குப் பொருந்தும். நவோயே தெரியாதவள் இல்லை. தப்படி வைத்தால் தெரிந்துவிடுவாள். அந்த அபாயம் இல்லையென்றால் விளையாட்டே இல்லை.

களவு என்ற சொல்லைத் தள்ளுவதற்குத்தான் எனக்கு மனம் வரவில்லை. தொல்காப்பியம் வெட்சித் திணைக்கு இலக்கணம் சொல்லும்போது ‘வேற்றுப்புலக் களவு’ என்கிறது. பகைவர் நாட்டு ஆநிரையை அவர் அறியாமல் கவர்ந்து வருவது அது. வெட்சியின் துறைகளை அடுக்கும்போது ‘புடைகெடப் போகிய செலவே’ என்று ஒன்று வருகிறது. பக்கத்தில் இருப்பவர் அறியாதபடி போகும் போக்கு. அடுத்தது ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’. அதேபோல் அறியாதபடி ஒற்றரால் கிடைத்த செய்தி. முதலில் ஓசைப்படாமல் போவது, பிறகு உளவு பார்ப்பது, பிறகு சூழ்ந்து தங்குவது, பிறகு தாக்கி ஆநிரையைக் கொள்வது, கடைசியில் துன்பமில்லாமல் ஓட்டிக்கொண்டு திரும்புவது. கோட்டையை நோட்டமிட்டு, காவலரைக் குறித்துவைத்து, உள்ளே போய், வேலை முடித்துத் திரும்பும் ஷேடோஸின் ஒரு பணி இதே வரிசையில்தான் நடக்கிறது. தமிழில் இதற்கு மரபு இல்லை என்று சொல்பவர் இந்த நூற்பாவைப் படித்துவிட்டுச் சொல்லட்டும். ஆனாலும் இன்று களவு என்றால் பாமரருக்குத் திருட்டு, படித்தவருக்கு மறைவான காதல். ‘களவு விளையாட்டு’ என்று தலைப்பிட்டால் இரண்டு கூட்டமும் ஏமாறும். அதனால் மரியாதையோடு அதை விட்டுவிட வேண்டியதுதான்.

மிஞ்சுவது பதுங்கல். ‘புலி பதுங்குவது பாய்வதற்கே’ என்ற பழமொழியில் நமக்கு வேண்டிய மூன்றும் இருக்கின்றன. உடல் தாழ்கிறது, கண்ணுக்கு மறைகிறது, அடுத்த பாய்ச்சல் காத்திருக்கிறது. ஈழத்தில் பதுங்குகுழி என்ற சொல்லைச் சிறு குழந்தையும் அறியும். பதுங்குதல் கோழையின் வேலை என்று ஒரு மறுப்பு வரும். புலியே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பதுங்கல் என்றால் ஓரிடத்தில் கிடப்பதுதானே என்பது இன்னொரு மறுப்பு. ‘பூனை பதுங்கிப் பதுங்கிப் போகிறது’ என்று தமிழர் எப்போதும் சொல்லி வருகிறார்கள்.

இதை வினையாக்கிப் பார்த்தால் வலிமை இன்னும் தெரியும். விளையாட்டு நம்மிடம் ஏவலில்தான் பேசும். ‘புதருக்குள் பதுங்கு. காவலன் திரும்பியதும் பதுங்கிச் செல்.’ இதே இரண்டு வாக்கியத்தை ஊடுருவலிலும் மறைநிலையிலும் எழுதிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். பதுங்கல் விளையாட்டு, பதுங்கித் தாக்கல், பதுங்கிடம் என்று எந்தப் பக்கம் இழுத்தாலும் வருகிறது. ஒரு எச்சரிக்கை: குனிந்து நிற்கும் பொத்தானுக்கே பதுங்கு என்று பெயர் வைத்துவிடக் கூடாது. அது குனிதல். தரையோடு கிடப்பது குப்புறப் படுத்தல். இரண்டும் சேர்ந்த முழு ஆட்டமுறைக்குப் பெயர் பதுங்கல்.

இந்தச் சொல் எட்டாத ஓர் இடமும் உண்டு. ஹிட்மேன் வரிசையில் நாயகன் சமையல்காரர் உடை போட்டுக்கொண்டு, காவலரின் கண் எதிரிலேயே நடந்து போகிறான். அங்கே பதுங்கல் இல்லை. ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ‘கடாஅ உருவொடு கண்அஞ்சாது’ என்றது இதைத்தான். ஐயம் எழாத உருவம், எதிரே நிற்பவனின் கண்ணுக்கு அஞ்சாத நடை. அதற்கு மாறுவேடம் என்ற நல்ல சொல் இருக்கிறது, அதையே எழுதலாம். விமானத்துக்கும் பதுங்கலை நீட்ட வேண்டியதில்லை. ரேடாருக்குத் தப்பும் விமானம் என்றால் போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல் என்று அடம்பிடிப்பதால்தான் பாதிக் கலைச்சொல் கோணலாகப் பிறக்கிறது.

ஓப்பன் வேர்ல்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘திறந்த உலகம்’ பிறந்ததும் அந்த அடத்தில்தான். அடுத்தடுத்துக் கட்டங்களாகப் பூட்டிவைக்காமல், எங்கும் எப்போதும் போகவிடும் விளையாட்டு என்பது பொருள். உலகத்துக்கு யார் மூடி போட்டிருந்தார்கள், திறப்பதற்கு? கட்டற்ற வெளி என்றால் பொருளும் வரும், ஓசையும் வரும்.

மொரீசியஸ் ரூபாய்த் தாளின் மொழி வரிசையில் தமிழின் இடம் மாறியதற்காக 1998இல் குரல் எழுப்பி, அந்தத் தாள்களையே திரும்பப் பெறவைத்தது இந்தத் தீவின் தமிழ்ச் சமூகம். எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் அவ்வளவு கவனம் இருந்தது. அந்த எழுத்தால் எழுதும் சொல் சரிதானா என்பதில் அதில் பாதியாவது வேண்டாமா? பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கும் வாய்ப்பு சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குக் குறைவு, நமக்கு நிறைய. இரண்டு மொழியும் ஒரே செயலை வேறு வேறு பக்கத்திலிருந்து பார்ப்பதைக் கண்டவுடனே, சொல்லை விட்டுவிட்டுச் செயலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். மாறாக ஆளுக்கு ஒரு அகராதியைத் திறந்து, முதல் வரியில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டார்கள். பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கும் பிள்ளை வீட்டில் கிரியோல் பேசுகிறது, விளையாட்டைப் பிரெஞ்சில் ஆடுகிறது. தமிழ் அதன் கைக்கு வருவது இப்படிப்பட்ட ஓரிரு சொல் வழியாகத்தான். அந்தச் சொல்லும் கோணலாக இருந்தால் பிள்ளை அதைத் தொடவே தொடாது.

தட்டச்சு செய்கிறவர்கள் ஓர் எழுத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பதுங்கல் தன்வினை, தானே ஒளிவது. ங்க என்பது க்க ஆகி ‘பதுக்கல்’ என்று விழுந்தால் பிறவினை. அரிசியையும் சர்க்கரையையும் கிடங்கில் ஒளித்து விலையேற்றுகிற வேலை அது. கைபேசி விசைப்பலகை பதுங்கல் என்று அடித்தால் பதுக்கல் என்று திருத்திக் கொடுப்பதும் உண்டு. வெளியிடும் முன் தலைப்பை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.