ரேம் கூட்டுவதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரைத் திறங்க

“மெஷின் தொங்குது, ரேம் கூட்டிக் குடுங்க.” கம்ப்யூட்டர் மெதுவானால் திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது இது. ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கான தற்காலிக நினைவகம். கோளாறு பல நேரம் அதில் இருக்காது.

கணக்குப் போடும் சிப்பான பிராசசர் எதையும் முதலில் தேடுவது தனக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சின்ன, வேகமான நினைவகத்தில்தான். அதன் முதல் அடுக்கான எல்1 ஒரு கோருக்கு (பிராசசருக்குள் தனியே வேலை செய்யும் பகுதி) 32 கேபி அளவில்தான் இருக்கும். நான்கைந்து கிளாக் சுற்றில், அதாவது பிராசசரின் நான்கைந்து துடிப்பில், கொடுத்துவிடும். அதில் இல்லையா, எல்2. பிறகு, கோர்கள் பொதுவில் வைத்திருக்கும் எல்3. மூன்றிலும் இல்லாவிட்டால்தான் ரேம். அதற்கு 100 நானோ நொடி வரை ஆகும். ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் வட்டில் ரேமுக்கு மாற்றாக ஒதுக்கிய பேஜ் ஃபைலில் கைவைக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு தடவை தேடி எடுக்க சுமார் 10 மில்லி நொடி, அதாவது ரேமைப்போல் லட்சம் மடங்கு. மெஷின் தொங்குவது இந்த இடத்தில்தான்.

டேலி, ஃபோட்டோஷாப், குரோம் என்று வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதியில் நிற்க, டிஸ்க் மட்டும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் ரேம் வாங்குவது தண்டச் செலவு, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சுழலாத, வேகமான எஸ்எஸ்டி போடுங்கள்.

ரேம் செருகும் ஸ்லாட் விவரமும் அங்கேயே தெரியும். 2400 வேக டிடிஆர்4 வகை ரேம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் நொடிக்கு 19.2 ஜிபி வரை போகும். அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்றைச் சரியான ஸ்லாட்டில் சேர்த்தால் இரண்டு ரேமுக்கும் ஒரே நேரத்தில் தரவு போகும் இரட்டைச் சேனலில் 38.4. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத டிசைன் கடைகளுக்கு இது நன்றாகவே உறைக்கும். டேலியில் என்ட்ரி மட்டும் போடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய பில்லிங் மெஷினில் 32 பிட் விண்டோஸ் இருந்தால் 8 ஜிபி போட்டாலும் 4-க்கு மேல் எடுக்காது.

‘கேஷ் கிளீனர்’ மென்பொருள்கள் அழிப்பது வட்டில் கிடக்கும் தற்காலிகக் கோப்புகளை. எல்1, எல்3 பக்கம் அவற்றுக்கு வேலையே இல்லை. அதை பிராசசர் தானே பார்த்துக்கொள்ளும்.

ஆனி, ஆடிக் காற்றில் ரோட்டுக் கடைகளுக்குள் புழுதி நிறைய ஏறும். மெஷின் பீப் அடித்து, திரை வராமல் நின்றால் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கிளிப் ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். அப்புறமும் பீப் வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டுப் பாருங்கள். கெட்டது எது, கெட்ட ஸ்லாட் எது என்று பிடிபட்டுவிடும்.