மிக்ஸ் ஆல்பம்: கலவையா, தொடரா?

பிறர் இசைத்த பாடல்களிலிருந்து தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்து, ஒன்று முடிவதற்குள் அடுத்ததை அதன்மேல் ஏற்றி, நடுவில் மௌனம் விழாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் ஒரே இசையாக ஒரு டிஜே வெளியிடும் தொகுப்புக்கு ‘மிக்ஸ் ஆல்பம்’ என்று பெயர். டவுன்டெம்போ, ஹவுஸ் ஆகிய மின்னணு இசை வகைகளைக் கேட்போருக்கு இது நன்கு பழகிய வடிவம். இதனைத் தமிழில் எழுத முற்படுவோருக்கு அகராதி முதலில் எடுத்துக் கொடுக்கும் சொல் ‘கலவை’ என்பதாகும். அச்சொல் இங்கே பொருந்தாது என்பதும், பொருந்தும் சொல்லைத் தமிழ்ச் செய்யுளியல் முன்பே வகுத்து வைத்திருக்கிறது என்பதும் என் கருத்து.

ஆல்பம் என்பது வெண்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர் அரசாணைகளையும் பெயர்ப் பட்டியல்களையும் எழுதி வைத்த வெள்ளை பூசிய பலகைக்கு அப்பெயர் வழங்கியது. பின்னர் நண்பர்களின் கையெழுத்துகளைச் சேர்க்கும் வெற்றேட்டுக்கும், நிழற்படங்களை ஒட்டும் ஏட்டுக்கும் அது பெயராயிற்று. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று முதல் ஐந்து நிமிட இசைதான் அடங்கும் என்பதால், நீண்ட படைப்பொன்றைப் பல தட்டுகளில் பதித்து, உறைகளைப் புத்தகம்போலக் கட்டி விற்றார்கள். நிழற்பட ஏட்டை ஒத்திருந்த அக்கட்டும் ஆல்பம் எனப்பட்டது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டைக் கொண்டுவந்த பின்பு கட்டு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ஆகவே ஆல்பத்தைத் ‘தொகுப்பு’ என்பதில் பிழையில்லை.

டிஜே என்பது ‘டிஸ்க் ஜாக்கி’ என்பதன் சுருக்கம். டிஸ்க், வட்டத்தட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஜாக்கியோ ஜான் என்ற பெயரின் ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து தோன்றி, முதலில் ‘பையன்’ என்றும் பிறகு ‘குதிரை ஓட்டுபவன்’ என்றும் பொருள்பட்டது. 1940களின் தொடக்கத்தில் இத்தொடர் அமெரிக்க இதழ்களில் அச்சேறியபோது, வானொலியில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு இடையிடையே பேசுபவரையே குறித்தது. அந்தப் பழைய பொருளில் பார்த்தால், இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் பலரும் டிஸ்க் ஜாக்கிகளே. பேச்சை விட்டுவிட்டுத் தட்டுகளை ஒன்றோடொன்று இணைப்பதையே தொழிலாகக் கொண்டவர் என்ற இன்றைய பொருள், நியூயார்க் நடனக் கூடங்களில் 1970களை ஒட்டித் திரண்டதாகும்.

இனி மிக்ஸ். இதன் வேர், கலத்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. ‘மிக்ஸ்ட்’ என்ற எச்ச வடிவமே ஆங்கிலத்தில் முதலில் புகுந்தது. அதை இறந்தகால வடிவமாகக் கருதி, அதிலிருந்து ‘மிக்ஸ்’ என்ற பகுதியைப் பின்னர் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். இசைத்துறையில் இச்சொல் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது என்பதை மறந்துவிடுவதால்தான் மொழிபெயர்ப்பில் சிக்கல் வருகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல், மேளம், கம்பிக் கருவிகள் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து, அளவு பார்த்து ஒன்றாக்குவதும் மிக்ஸ்தான். அங்கே ‘ஒலிக்கலவை’ என்ற சொல் முற்றிலும் பொருந்தும், ஏனெனில் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. டிஜேயின் மிக்ஸ் அப்படிப்பட்டதன்று. அங்கே பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன, அடுத்தடுத்த இரண்டின் ஓரங்கள் மட்டுமே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. பழைய பாட்டைப் பிரித்து மாற்றிக் கட்டும் ரீமிக்ஸ் முன்னதன் வழி வந்தது. தமிழ்த் திரைப்பாடல் கேட்போருக்கு ரீமிக்ஸே அதிகம் அறிமுகமானது என்பதால், மிக்ஸ் ஆல்பம் என்றவுடன் ரீமிக்ஸ்களின் தொகுப்பு என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஓரங்கள் படியும் அந்த இடத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். ஒரு தட்டு நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது; அடுத்து வரவேண்டிய பாடல் 124 அடி. டிஜே இரண்டாவது தட்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் தம் ஹெட்ஃபோனில் மட்டும் ஓடவிட்டு, வேகத்தை மாற்றும் நெம்பியை ஏறத்தாழ மூன்று விழுக்காடு கீழிறக்கி இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறார். தட்டு மெதுவாகச் சுழன்றால் சுருதியும் இறங்கும் என்பதால், பாடியவரின் குரல் மிகச் சிறிய அளவில் கனத்துவிடுகிறது. ஹவுஸ் பாடல்கள் பெரும்பாலும் 16, 32 அடிகள் கொண்ட அடுக்குகளாகக் கட்டப்பட்டவை. ஓர் அடுக்கு முடியும் இடத்தில் புதிய பாடலின் முதலடி விழும்படி தட்டைக் கையிலிருந்து விடுகிறார். இரண்டின் பாஸ் ஒலியும், அதாவது தாழ்ந்த கனத்த ஒலியும், சேர்ந்து இரைந்தால் செவிக்குச் சேறாகிவிடும். ஆகவே புதியதன் பாஸைக் குறைத்து வைத்திருந்து, தக்க இடம் வந்ததும் பழையதன் பாஸை இறக்கிப் புதியதை ஏற்றுகிறார். கேட்பவர் இதைக் கவனிக்கவில்லை என்றால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இவ்வித்தையை வளர்த்தவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர் நியூயார்க் நகரின் பிரான்சிஸ் கிராசோ. இசைத்தட்டிலேயே இது பதிவானதற்குத் தொடக்க கால எடுத்துக்காட்டு ஒன்று, 1975-இல் வெளிவந்த பாடகி குளோரியா கேனரின் தட்டு ஆகும். அதன் முதல் பக்கத்து மூன்று பாடல்களை டாம் மோல்ட்டன் இடைவெளியின்றி இணைத்தார். வேகத்தை எட்டு விழுக்காடு கூட்டவோ குறைக்கவோ உதவும் நெம்பியோடு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சுழல்மேடையின் இரண்டாம் வடிவம் 1979-இல் வந்தது. குறுந்தகடு 74 நிமிட இசையை நடுவில் திருப்பிப்போட வேண்டாமல் தாங்கியதால், 1990களில் மிக்ஸ் ஆல்பம் தனியொரு வணிகச் சரக்காயிற்று. டிஜேக்களான சாஷாவும் ஜான் டிக்வீடும் இணைந்து ரெனசான்ஸ் என்ற நடனக் கூடத்தின் பெயரில் 1994-இல் வெளியிட்ட மூன்று குறுந்தகடுகளை இங்கிலாந்தில் இன்றும் சுட்டிக்காட்டுவார்கள்.

தமிழுக்கு வருவோம். தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது. தனித்து நின்று பொருள் முடியும் பாட்டு முத்தகம். பல பாட்டு ஒரு வினைகொண்டு முடிவது குளகம். தனிப்பாட்டுகளைச் சேர்த்தது தொகை. ஒன்றையொன்று பற்றிச் செல்வது தொடர். பல இசைஞரின் பாடல்களை அடுக்கி விற்கும் சாதாரணத் தொகுப்பு தொகைநிலை என்றால், மிக்ஸ் ஆல்பம் தொடர்நிலை. நூலாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போய், தொடர்நிலையைப் பொருளால் தொடர்வது, சொல்லால் தொடர்வது என இரண்டாக்குகிறார். காப்பியம் முன்னது, அந்தாதியும் கலம்பகமும் பின்னவை. ஒரு பாட்டின் இறுதியே அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதியைக் காட்டிலும் டிஜே செய்வதற்கு நெருங்கிய ஒப்புமை வேறு எங்கும் கிடைக்குமா என்பது ஐயமே. கலம்பகம் இன்னும் சுவையானது: வெண்பா, கலித்துறை, விருத்தம் என்று பல பாவகைகளையும், அம்மானை, ஊசல் முதலிய உறுப்புகளையும் கொண்டுவந்து, அவை அனைத்தையும் அந்தாதியாகக் கோக்கிறது. பல வகை இசை, ஒரே தொடர்ச்சி. ஆகவே மிக்ஸ் ஆல்பத்தைத் ‘தொடரிசைத் தொகுப்பு’ என்றும், இணைக்கும் செயலைத் ‘தொடுத்தல்’ என்றும் வழங்கலாம். யாப்பில் ‘தொடை’ என்ற அழகான சொல்லும் இருக்கிறது. ஆனால் ‘இசைத்தொடை’ என்று எழுதிவிட்டு வாசகர் சிரிக்கக்கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஹவுஸ் என்பதை ‘வீட்டிசை’ ஆக்கிவிடக் கூடாது. பரவலாக ஏற்கப்படும் விளக்கப்படி, சிகாகோவில் 1977 முதல் பிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு இயக்கிய ‘வேர்ஹவுஸ்’ என்ற கூடத்தின் பெயர் குறுகி ஹவுஸ் ஆயிற்று. அங்கே ஒலித்த தட்டுகளைத் தேடி வருவோருக்காக உள்ளூர்க் கடையொன்று அப்பெயரை எழுதி அட்டை வைத்தது, பிறகு பின்பாதியை மட்டும் வைத்தது என்று சொல்கிறார்கள். வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. மொழிபெயர்த்தே தீருவேன் என்பவர் கிடங்கிசை என்றுதான் எழுத வேண்டும். இடப்பெயரை அப்படியே விடுவது நல்லது.

டவுன்டெம்போ அப்படியன்று, அதற்குப் பொருள் உண்டு. டெம்போ, காலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் இத்தாலிய வடிவம் (நம் ஊரில் அது சரக்கு வண்டி என்பது வேறு கதை). நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடியைச் சுற்றி வரும் ஹவுஸைவிடத் தாழ்ந்து, 90 அடியை ஒட்டி நடக்கும் இசை இது. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரை, இசையின் இயக்கத்தை முதனடை, வாரம், கூடை, திரள் என நான்காக்கி, முதனடையைத் தாழ்ந்த செலவுடையது என்று விளக்குகிறது. தாழ்ந்த செலவு என்பது டவுன்டெம்போவுக்குச் சொல்லுக்குச் சொல் நிகரானது. ஆனால் செலவு இன்று பணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால், ‘தாழ்செலவு இசை’ என்றால் மலிவாக எடுத்த பாட்டு என்றே படும். கருநாடக இசையின் விளம்பகாலம் அத்துறைக்குரிய நுட்பப் பொருளோடு வரும். ‘மென்னடை இசை’ என்பதை நான் பரிந்துரைப்பேன். அன்னத்துக்குச் சொல்லிப் பழகிய சொல்தான்.

இவ்விரு வகையும் ஒரே தொகுப்பில் வரும்போது தொடுப்பவரின் திறம் வெளிப்படும். 90 அடிப் பாடலை எட்டு விழுக்காடு விரைவாக்கினாலும் அது 97-ஐத்தான் எட்டும்; 125 அடி ஹவுஸைத் தொடவே முடியாது. எனவே தாளமே இல்லாத ஒரு நீள்சுரத்தையோ எதிரொலித்துத் தேயும் ஒரு குரலையோ நடுவில் பாலமாக இடுகிறார்கள், அல்லது பாடலுக்குப் பாடல் சிறிது சிறிதாக ஏறுகிறார்கள். வியன்னாவின் பீட்டர் குரூடரும் ரிச்சர்ட் டோர்ஃப்மைஸ்டரும் பெர்லினின் ஸ்டுடியோ கே7 நிறுவனத்தின் டிஜே-கிக்ஸ் வரிசையில் 1996-இல் அளித்த தொகுப்பில், மென்னடைப் பாடல்களுக்கிடையே டிரம் அண்ட் பேஸ் பாடல்களும் வருகின்றன. அவ்வகையின் வேகம் 170 அடியைச் சுற்றியது. 85 அடி மென்னடைப் பாடலின் இருமடங்கு வேகம் 170 ஆகையால், ஒரே தாளத்தை முதற்காலத்திலும் இரண்டாம் காலத்திலும் கேட்பதுபோல அவை ஒன்றுக்கொன்று இணங்கும்.

அத்தகைய தொகுப்பின் உறையில் டிஜேயின் பெயரே பெரிதாக இருக்கும். பாடல்களை ஆக்கியவர் பெயர்கள் பின்புறம் சிறிய எழுத்தில் வரும். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று பிரித்துச் சொன்ன வழக்கு இங்கே கைகொடுக்கிறது. டிஜே தொகுத்தவர், ஒவ்வொரு பாடலுக்கும் உரிமம் பெற்றுப் பணம் கட்டும் நிறுவனம் தொகுப்பித்தவர். உரிமம் வாங்கும் அந்த வேலைதான் மிக்ஸ் ஆல்பத்தை, கைமாறித் திரிந்த மிக்ஸ்டேப் நாடாக்களிலிருந்து வேறுபடுத்தியது.

இன்று இணையக் கடைகளில் இதே தொகுப்புகளை முழுநீளத் தொடராகவும், இணைக்காத தனிப்பாடல்களாகவும் இரு வகையில் விற்கிறார்கள். பின்னதை ‘அன்மிக்ஸ்டு’ என்கிறார்கள். கலவையைக் கட்டிக்கொண்டு நின்றால் இதனைக் ‘கலக்காத பாடல்’ என்று எழுத வேண்டிவரும்; தண்ணீர் கலக்காத பால்தான் நினைவுக்கு வரும். தொடுத்தல் என்று கொண்டால் பூக்கடையில் நாள்தோறும் கேட்கும் சொல்லே போதும்: முழத்தில் அளப்பது தொடுத்த பூ, எடை போடுவது உதிரிப்பூ. அன்மிக்ஸ்டு பாடல்கள் உதிரிப் பாடல்கள். தொடராக வந்ததைக் கைபேசியில் வரிசை மாற்றிக் குலுக்கிக் கேட்பவருக்கும், அடியின் நடுவில் வெட்டுண்டு தொடங்கும் உதிரிகளே கிடைக்கும்.