தொலைநோக்கிக்கு இடம் தேடும் செய்மதிகள்

கொழும்பு 7 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி இருப்பதால், வடவானமும் தென்வானமும் இங்கே கிட்டத்தட்ட முழுதாகக் கிடைக்கும். ஆனால் வெள்ளவத்தையில் மொட்டைமாடி ஏறினால், நகர வெளிச்சத்தில் பிரகாசமான சில நட்சத்திரங்களோடு சரி. கட்டுபெத்தை ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்றிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. அதைச் சுற்றியும் நகரம்தான். அப்படியென்றால் இத்தீவில் நல்ல இடத்தை எப்படித் தேடுவது?

வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான். உயரம் சுலபம்: 2000 பெப்ரவரியில் விண்வெளி ஓடம் ராடரால் அளந்த தரையுயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. சிக்கல் முகிலில் இருக்கிறது.

டெரா, அக்வா என்ற இரு செய்மதிகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முகில்களைப் பதிந்திருக்கின்றன. அதில் நாள்முழுச் சராசரியை எடுத்தால் ஏமாந்துபோவோம். மலைநாட்டில் வெயில் ஏற ஏறத் திரளும் முகில் பிற்பகலில் மழையாகி, பல நாட்களில் இரவில் கலைந்துவிடும். தொலைநோக்கிக்கு வேண்டியது இரவு மட்டுமே. ஆகவே இரவுப் பதிவுகளைத் தனியே பிரிக்க வேண்டும். இருட்டில் முகிலைக் காட்டுவது வெப்பம். உயர்ந்த முகிலின் உச்சி தரையைவிடக் குளிர்ந்திருக்கும். நுவரெலியா போன்ற இடத்தில் தரையே குளிர்ந்துவிடுவதால், தாழ்ந்த மூடுபனியைக் கணினி தரையென்று எண்ணிவிடலாம்.

ஊர்களின் இரவு வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்திலும் ஒரு பொறி உண்டு. 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செய்மதியின் இரவுக்கருவிக்கு நீல ஒளி ஏறக்குறையத் தெரியாது. மஞ்சள் சோடியம் விளக்குகளை வெள்ளை எல்இடிக்கு மாற்றிய ஊர், வரைபடத்தில் இருண்டதாகத் தோன்றலாம். வானமோ முன்னைவிட வெளுத்திருக்கும், ஏனென்றால் காற்றில் அதிகம் சிதறுவது நீலம்தான். அதோடு, பெருநகர வெளிச்சம் பல பத்துக் கிலோமீற்றர் தாண்டியும் அடிவானில் தெரியும். வரைபடத்தில் கறுத்த புள்ளி என்றால் அங்கே வானமும் கறுப்பு என்று நம்பிவிட முடியாது.

அப்புறம், நட்சத்திரத்தின் பிம்பத்தை ஆட்டிக் கலங்கடிக்கும் காற்றின் நடுக்கம். அதை மலையிலேயே அளக்க வேண்டும். சிறு தொலைநோக்கியின் வாயில் இரு துளைகள் விட்டு, ஒரே நட்சத்திரத்தை இரு பிம்பங்களாக விழச் செய்வார்கள். தொலைநோக்கி அதிர்ந்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். தனித்தனியே ஆடினால் அது காற்றின் வேலை.

என்னைக் கேட்டால், தென்மேற்குப் பருவத்தில் மழைநிழலில் இருக்கும் ஊவாச் சரிவுகளைத்தான் முதலில் பார்ப்பேன். வடகீழ்ப் பருவத்தில் அங்கே மழை பெய்யும், அதனால் ஆண்டு முழுவதற்கும் அது போதாது. மழை குறைவென்பதால் முகிலும் குறைவென்று ஆகிவிடாது. மே முதல் செப்டெம்பர் வரையான இரவுப் பதிவுகளை வைத்து அதை முதலில் சரிபார்க்க வேண்டும்.