6 மணி நேர வேலை, 11 நாள் நிறுத்தம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பலக்கும் வைகாசி முதல் புரட்டாசி வரையிலான மாதங்களில்தான் முப்பந்தல் காற்றாலைகள் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதியைத் தருகின்றன. அங்கே பராமரிப்புப் பணியில் இருந்தபோது, ஓர் ஆடி மாதத்தில் நின்றுபோன காற்றாலைக்கு பேரிங் மாற்றி, லாக் புக்கில் 'ரிப்பேர் நேரம் 6 மணி' என்று எழுதினோம். கிரேன் வருவதற்கும், அது பாரம் தூக்கும் அளவுக்குக் காற்று தணிவதற்கும் காத்திருந்ததையும் சேர்த்தால், அது நின்றது 11 நாட்கள், அதாவது 264 மணி நேரம்.

இயங்கும் நேரத்தை, இயங்கும் நேரமும் நின்ற நேரமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே அவைலபிலிட்டி. சராசரியாக 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகும் இயந்திரத்துக்கு, 6 மணியை வைத்துக் கணக்கிட்டால் 99.7 சதவீதம் வரும். 264 மணியை வைத்தால் 88.3 தான். காத்திருப்பை எழுதாமல் விடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

சரியான எண்ணை வைத்தாலும் இந்தச் சூத்திரத்துக்கு நாள்காட்டி தெரியாது. ஆடியில் நிற்பதும் தையில் நிற்பதும் அதற்கு ஒன்றே. ஒரே சர்வீஸ் குழு பல இயந்திரங்களைக் கவனிக்கும்போது, முதலாவதை முடிக்கும்வரை இரண்டாவது காத்துக் கிடப்பதும் அதில் வராது. இங்கேதான் மான்டே கார்லோ சிமுலேஷன் உதவுகிறது. அடுத்த பழுது எப்போது என்பதைக் கணினி சீரற்ற எண்களைக் கொண்டு தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் குழு ஓய்வாக உள்ளதா, ஸ்பேர் இருப்பில் உள்ளதா, காற்று கிரேனை அனுமதிக்குமா என்று பார்த்து, நின்ற மணிகளைக் கூட்டுகிறது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளை ஓட்டினால், சராசரியோடு, மோசமான ஆண்டு எவ்வளவு மோசமாக இருக்கும் என்பதும் தெரியவரும்.

உள்ளீட்டில் ஓர் எச்சரிக்கை அவசியம். பழுது விகிதம் என்றும் மாறாது என்று கொள்வது எலக்ட்ரானிக் பாகங்களுக்கு ஓரளவு பொருந்தலாம். தேய்ந்துவரும் கியர்பாக்ஸுக்குப் பொருந்தாது. அதற்கு, வயது ஏற ஏறப் பழுதாகும் வாய்ப்பும் கூடுவதைக் காட்டும் நிகழ்தகவுப் பரவலான, வடிவ எண் 1க்கு மேற்பட்ட வைபுல் (Weibull) பரவலே ஏற்றது. மேலும், ஒரு பேரிங்கை மாற்றியதால் மொத்த கியர்பாக்ஸும் புதிதாகிவிடாது; மற்றப் பற்சக்கரங்களின் வயது அப்படியே தொடர்வதாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை லாக் புக். இயந்திரம் நின்ற நேரம், குழு வந்த நேரம், ஸ்பேரும் கிரேனும் வந்த நேரம், மீண்டும் ஓடிய நேரம் என நான்கையும் தனித்தனியே எழுதி வைத்திருந்தால், அந்த பேரிங்கைச் சித்திரையிலேயே வாங்கி வைப்பது லாபமா என்பதை ஒரு மாலைப்பொழுதில் கணினியில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.