அமீரக கிராஜுவிட்டி: சம்பளத்தைப் பார்க்காதீர்கள், பேசிக்கைப் பாருங்கள்

சம்பளம் மாதம் 2,500 திர்ஹம். துபாயில் ஒரே கடையில் ஏழரை வருஷ வேலை. ஊருக்குத் திரும்பலாம் என்று முடிவெடுத்த ஒருவர் மனக்கணக்குப் போடுகிறார்: கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, 15,000 வரும். கடைசியில் கைக்கு வருவது 9,000. முதலாளி ஏமாற்றிவிட்டார் என்று அறை முழுக்க ஒரே பேச்சு. ஆனால் கணக்கு சரிதான். அவருடைய சம்பளத்தில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 1,500 மட்டுமே. மீதி 1,000 தங்குமிடம், போக்குவரத்து என்று அலவன்ஸாகப் போட்டிருக்கிறார்கள். சட்டம் பார்ப்பது பேசிக்கை மட்டும்.

இது உதாரணத்துக்குச் சொன்ன ஆள்தான். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

அமீரகக் குடிமக்களுக்கு ஓய்வூதியம் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அது இல்லை. அதற்குப் பதிலாக, வேலையை விட்டுப் போகும்போது முதலாளி மொத்தமாகத் தர வேண்டிய பணம்தான் கிராஜுவிட்டி. 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம், 51ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. 1980 முதல் இருந்த பழைய தொழிலாளர் சட்டத்தை மாற்றி, 2022 பிப்ரவரி 2 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

கணக்கு சுலபம். முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக். ஐந்துக்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள் பேசிக். மேலே சொன்னவருக்கு மாத பேசிக் 1,500. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 50. 21 நாளுக்கு 1,050. ஐந்து வருஷத்துக்கு 5,250. மீதி இரண்டரை வருஷத்துக்கு 3,750. மொத்தம் 9,000. எத்தனை வருஷம் உழைத்திருந்தாலும் மொத்தத் தொகை இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பும் உண்டு. அதைத் தொட ரொம்ப காலம் ஆகும், அதனால் பெரும்பாலானோர் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு வருஷம் முடியாவிட்டால் ஒரு காசும் கிடையாது. பதினோரு மாதம் என்றாலும் பூஜ்யம்தான். ஒரு வருஷம் தாண்டிவிட்டால், அதற்கு மேல் இருக்கிற மாதங்களுக்கும் விகிதப்படி உண்டு. இன்னொன்று, சம்பளமில்லா லீவு நாட்கள் சர்வீஸில் சேராது. வருஷ லீவு 30 நாளோடு இன்னும் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் ஊரில் இருந்துவிட்டு வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நான்கு முறை அப்படிப் போய் வந்தால் எட்டு மாதம் கழிந்துவிடும்.

கணக்கில் வருவது கடைசியாக வாங்கிய பேசிக். முதல் வருஷம் 1,000, ஏழாவது வருஷம் 1,500 என்றால் ஏழு வருஷத்துக்கும் 1,500தான். இதனால்தான் சில இடங்களில் சம்பள உயர்வு வரும்போது பேசிக் அப்படியே நிற்க, அலவன்ஸ் மட்டும் ஏறுகிறது. சட்டப்படி இதில் தப்பில்லை, நியாயமா என்பது வேறு விஷயம். ஆகவே வேலைக்குச் சேரும் முன் ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு உடனே கையெழுத்துப் போடாதீர்கள். பேசிக் என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். நம் ஆட்கள் மொஹ்ரே என்று சொல்கிற மனிதவள அமைச்சகம் ஆஃபர் லெட்டரைப் பல மொழிகளில் தருகிறது, அதில் தமிழும் ஒன்று. புரியாத மொழியில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஏஜென்ட் வாயால் சொன்ன எண்ணுக்கு அங்கே மதிப்பு இல்லை.

ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி குறையுமா? பழைய சட்டத்தில் குறைந்தது. ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் தானாக விலகினால் மூன்றில் ஒரு பங்கு, ஐந்து வருஷம் வரை மூன்றில் இரண்டு பங்கு. காலவரை போட்ட ஒப்பந்தத்தை ஐந்து வருஷத்துக்கு முன்பே முறித்தால் எதுவுமே இல்லை. புதிய சட்டம் இதையெல்லாம் எடுத்துவிட்டது. நீங்களாக விலகினாலும் அவர்கள் அனுப்பினாலும் ஒரே கணக்குதான். இது தெரியாமல் இன்னும் மூன்றில் ஒரு பங்கு பேசுகிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். பாதி குழப்பத்துக்குக் காரணம் சவூதி. அங்கே முதல் ஐந்து வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஒரு மாதச் சம்பளம். ஆனால் ராஜினாமா செய்தால் இரண்டு வருஷம் வரை ஒன்றுமில்லை, ஐந்து வரை மூன்றில் ஒரு பங்கு, பத்து வரை மூன்றில் இரண்டு, அதற்கு மேல்தான் முழுத் தொகை. ரியாத்தில் இருக்கும் மச்சான் சொன்ன கணக்கு ஷார்ஜாவில் செல்லாது.

நோட்டீஸ் மட்டும் முக்கியம். ஒப்பந்தத்தில் 30 முதல் 90 நாள் வரை எழுதியிருக்கும். அதைக் கொடுக்காமல் கிளம்பினால் அந்த நாட்களின் சம்பளத்தை நீங்கள் ஈடாகத் தர வேண்டியிருக்கும், அது செட்டில்மென்டில் பிடிபடும். ஆனால் விசா செலவு, ஆள் எடுத்த செலவு என்று பிடிக்க முடியாது. அந்தச் செலவை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் கூடாது.

வேலை முடிந்த 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியும் கொடுத்தாக வேண்டும். கிராஜுவிட்டி மட்டுமல்ல, எடுக்காமல் மிச்சமான வருஷ லீவுக்கான பணமும் இதில் வரும். விசா கேன்சல் செய்யும்போது நீட்டப்படும் காகிதத்தில் 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கும். பணம் கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போட்டால், பிறகு அதே காகிதம் உங்களுக்கு எதிராக நிற்கும். நாளைக்கு அக்கவுன்டில் போடுகிறோம் என்றால், சரி, நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லலாம்.

இனி கடை வைத்திருப்பவர்களுக்கு. கஃபட்டீரியா, குரோசரி, ஒர்க்‌ஷாப் நடத்தும் நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைப்பதில்லை. எட்டுப் பேர், ஆளுக்கு பேசிக் 1,500, எல்லோரும் பத்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 12,750, மொத்தம் 1,02,000 திர்ஹம். கடையை விற்கும் நாளில்தான் இது கண்ணுக்குத் தெரியும். 2023இல் இதற்கு மாற்றாக ஒரு சேமிப்புத் திட்டம் வந்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட ஆளுக்கு பேசிக்கில் 5.83 சதவீதம், அதற்கு மேல் 8.33 சதவீதம் மாதாமாதம் ஒரு முதலீட்டு நிதியில் முதலாளி கட்டுவார். வருஷத்தை 360 நாளாக வைத்து 21 நாளையும் 30 நாளையும் சதவீதமாக்கினால் வரும் அதே எண்கள்தான். இது கட்டாயமில்லை. ஆனால் துபாய் சர்வதேச நிதி மையத்தில் 2020 பிப்ரவரி முதல் இதுபோன்ற ஒன்று கட்டாயம். அந்த மையத்துக்கும் அபுதாபி குளோபல் மார்க்கெட்டுக்கும் தொழிலாளர் சட்டமே தனி. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் வேறு சட்டம். இங்கே சொன்னவை அவர்களுக்குப் பொருந்தாது.

பணம் வரவில்லை என்றால் முதலில் மொஹ்ரேயில் புகார், ஆப் வழியாகவோ 80084 என்ற எண்ணிலோ. நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. 2024 ஜனவரியிலிருந்து, 50,000 திர்ஹம் வரையிலான தகராறுகளில் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லலாம், அது கோர்ட் உத்தரவு போலவே செல்லும். அதை ஏற்காத தரப்பு 15 வேலை நாளுக்குள் கோர்ட்டை நாட வேண்டும். கோரும் தொகை 1,00,000 திர்ஹம் வரை இருந்தால் தொழிலாளிக்குக் கோர்ட் கட்டணம் இல்லை. முன்பு ஒரு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டியிருந்தது. 2024இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் வரை கேட்கலாம். ஆகவே ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகிவிட்டது என்பதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. ஒப்பந்தம், சம்பளம் ஏறிய வங்கி விவரம், கேன்சல் காகிதம் ஆகிய மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும்.